மட்டாஞ்சேரியில் ஓர் அணையாவிளக்கு

எர்ணாகுளத்தில் படகேறி, ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது பகல் பதினோரு மணி. அன்று சனிக்கிழமை. யூதத் தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயம், அதாவது யூதர்களின் வழிபாட்டுக்கூடம், மூடியிருந்தது. பரதேசி என்றால் இங்கே அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள். யூதர்கள் வாரந்தோறும் கடைப்பிடிக்கும் ஓய்வுநாளான சபாத், வெள்ளி மதியத்திலிருந்தே வெளியாரை விடுவதில்லை. கோவையிலிருந்து இதற்காகவே வந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அம்மா மூடிய கதவைப் பார்த்துக் கைகூப்பினார். "நடை சாத்தியிருக்கு, அவ்வளவுதானே? நாளைக்கு வருவோம்" என்றார்.

யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். இந்தத் தெருவில் இன்று அத்தனை பேர் கிடையாது. 1948-க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தொழ ஆள் குறைந்தாலும், இறைவனுக்குரிய நாளில் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறப்பதில்லை. அந்த மூடிய கதவே எனக்கு முதல் தரிசனம்.

சரி, அன்று பொழுதெல்லாம் தெருவில் நடந்தோம். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள், ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம், பழம்பொருள் கடைகள். ஆலயத்தை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டு, டச்சுக்காரர் காலத்தில் எசக்கியேல் ரஹாபி என்ற பெருவணிகர் கட்டியது. அதன் முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமானிய எண்கள், இன்னொன்றில் பழைய மலையாள எண்கள். அந்த மலையாள எண்களை அம்மா விரல் நீட்டி வாசித்துக் காட்டினார். நம் தமிழ் எண்களுக்கு அவை உடன்பிறப்புகள்தானே.

ஆலயத்துக்குப் பக்கத்திலேயே கொச்சி ராஜாவின் அரண்மனை. அந்த வளாகத்துக்குள் ராஜ குடும்பத்தின் குலதெய்வம் பழையன்னூர் பகவதியின் கோயில். கொடுங்கல்லூரை விட்டு ஓடிவந்த யூதர்களுக்கு ராஜா தன் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568-இல் ஜெப ஆலயம் எழுந்தது. அடைக்கலம் கேட்டு வந்தவரை ஊர்க்கோடியில் குடிவைக்காமல், தன் தெய்வத்தின் பக்கத்திலேயே இன்னொரு தெய்வத்துக்கு இடம் விட்ட மனசை எப்படிச் சொல்வது! 1662-இல் போர்த்துகீசியர் ஆலயத்தைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு, 1664-இல் சீராக்கினார்கள்.

மறுநாள் காலை உள்ளே போனோம். செருப்பை வெளியே விட வேண்டும். வேறு நாட்டு யூத ஆலயங்களில் பொதுவாக இல்லாத வழக்கம் இது. கேரளத்து மண் கொடுத்தது. வெறுங்காலில் பட்ட தரை சில்லென்றிருந்தது. சீனத்திலிருந்து ரஹாபி தருவித்த நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். அம்மா அவற்றை மிதிக்கக் கூசி, பாதத்தை மெல்ல மெல்ல எடுத்து வைத்தார். தலைக்கு மேலே கண்ணாடி விளக்குக் கொத்துகள். நடுவில் பித்தளைக் கிராதி போட்ட மேடை. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், யூதர்களின் வேதமான தோராவின் சுருள்களை வைத்திருக்கும் பேழை. அதற்கு முன் தொங்கும் அணையாவிளக்கு. நம் கோயில்களில் நந்தாவிளக்கு என்கிறோமே, அதுதான். சிலையில்லாத சன்னிதியில் எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று எனக்குள் இருந்த சிறு தயக்கம் அந்தச் சுடரைக் கண்டதும் போய்விட்டது.

இங்குள்ள யூதர்கள் பொக்கிஷமாகக் காத்த செப்பேடுகளையும் சொல்லியாக வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்தவை. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு, பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகள். உலகும் சந்திரனும் உள்ளவரை என்ற வாக்கு. தமிழ் படித்தவர் காதுக்கு அந்தச் சொற்களில் எதுவும் அந்நியமில்லை.

ஆனால் இந்த வாசலும் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்திருக்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இருபதாம் நூற்றாண்டிலும் உள்ளே சம இடமில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம், காந்தி வழியில் அறப்போர் நடத்தித்தான் அதை மாற்றினார். 1924-இல் வைக்கம் கோயில் தெருவில் போராட்டம் நடந்ததும் இதே கேரளத்தில்தானே! அதை நினைத்தபோது தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் அந்த வழக்கறிஞரையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பெஞ்சு ஓரமாக அமர்ந்து, கண்மூடி, வெகுநேரம் இருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவராகவே கேட்டார்:

"பத்துப் பேர் சேரணும்னு சொன்னியே, நம்மளையும் கணக்குல சேர்த்துக்குவாங்களா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்ல வாய் வரவில்லை. அம்மா திரும்பி, திறந்திருந்த கதவைப் பார்த்து இன்னொரு முறை கைகூப்பினார்.