சில்வர் காரின் கீறல்களும் கம்பெனி பெயிண்டும்

எங்கள் சில்வர் ஸ்விஃப்டின் இடது பக்கம் முழுக்கக் கீறல். விளாத்திகுளம் தாண்டி ஊருக்குப் போகும் குறுகலான தார்ச்சாலையில் எதிரே பஸ் வந்தால் ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அது போதாதென்று, காற்றில் திரும்பி வந்த இரும்பு கேட்டின் கொண்டி பின் டோரில் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமாக இழுத்துவிட்டது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்து பார்த்தேன். எது எந்த அளவுக்கு வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் டிங்கரிங் பட்டறையில்தான் காட்டினேன். “சில்வர்ல ஒரு இடம் மட்டும் அடிச்சா தனியாத் தெரியும் தம்பி. டோர் முழுக்க அடிச்சு, பக்கத்து பேனல்லயும் கொஞ்சம் கலந்து விடணும்” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது முழுக்கச் சரி. அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் நிறத்துக்கு அதுதான் முறை. ஆனால் ஒரு சாண் கீறலுக்காக டோர் முழுவதும் இருக்கும் கம்பெனி பெயிண்டை இழக்க எனக்கு மனசு வரவில்லை. தொழிற்சாலையில் வெறும் இரும்புக் கூடாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் மாட்டிய வண்டியை எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது, பெயிண்ட் அடிப்பதற்கென்றே அமைத்த நல்ல பூத்திலேயே (மூடிய அறையிலேயே) 60 டிகிரி பக்கம்தான். பழைய வண்டி வாங்க வருபவர் டோரைத் தட்டிப் பார்த்து ‘ஒரிஜினல் பெயிண்டா?’ என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது.

அந்தப் பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தால் கை தானாக நிதானப்படும். அடியில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத க்ளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 130 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் க்ளியர் கோட் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் படலம்தான். அதை அதிகமாகத் தேய்த்துவிட்டால் இன்று பளபளக்கும், சில வருஷத்தில் நம் ஊர் வெயிலில் வெளுத்து உரியும்.

முள் கீறல்களை முதலில் எடுத்துக்கொண்டேன். கழுவுவதிலேயே கவனம் வேண்டும், ஒட்டியிருக்கும் மணலோடு தேய்த்தால் புதுக் கீறல்தான் விழும். தூத்துக்குடி போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுகிறது என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். ஈரமாக இருக்கும்போதே உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். நனைந்ததும் மறைகிற கோடு க்ளியர் கோட்டோடு நின்றது, நனைந்தும் தெரிகிற கோடு அதற்குக் கீழே போனது. காய்ந்த பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். முள் கோடுகள் பெரும்பாலும் நகத்தில் தட்டவே இல்லை.

அவற்றுக்கு ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போதும். நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் டோரில், ஒரு அடிக்கு ஒரு அடி இடமாகப் பிரித்துக்கொண்டு மைக்ரோஃபைபர் துணியில் கையாலேயே தேய்த்தேன். டோரின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசு, அங்கெல்லாம் மாஸ்கிங் டேப். பிறகு நைசான பாலிஷ். மூன்றில் இரண்டு பங்கு கோடுகள் அடையாளமே இல்லாமல் போய்விட்டன. மீதி மங்கலாகிவிட்டன. அவற்றையும் துரத்திப் பிடிக்க வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடலாம்தான், போடவில்லை. கை நீளத்தில் கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்காக க்ளியர் கோட்டைச் செலவழிப்பது வீண். பற்பசை வைத்தியம் பலரும் சொல்வது. அதுவும் மெல்லத் தேய்க்கும் பொருள்தான், ஆனால் பெயிண்டுக்கென்று தரம் பார்த்துச் செய்த காம்பவுண்ட் கடையில் கிடைக்கும்போது அது எதற்கு? எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் மறைவதும் நனைந்தால் மறைவதும் ஒன்றே, கழுவியதும் திரும்ப வந்துவிடும்.

கேட் கீறல் வேறு ரகம். நகம் நன்றாக மாட்டியது. நடுவில் இரண்டு விரல்கடை நீளத்துக்கு இரும்பே தெரிந்தது, ஓரத்தில் பழுப்பு நிறம் துளிர்த்திருந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து போகும், வெளியே கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே பரவியிருக்கும்.

ஊசி முனையால் துருவைச் சுரண்டி எடுத்து, மிச்சத் துருவை அடக்கும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரைக் கீறலுக்குள் மட்டும் தொட்டு வைத்து, சுத்தம் செய்து காயவிட்டேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப்பசை போனதும், இரும்பு தெரிந்த இடத்தில் ப்ரைமர். டச்சப் பெயிண்டை வெறும் ‘சில்வர்’ என்று கேட்டு வாங்கக் கூடாது. எங்கள் வண்டிக்கு சில்க்கி சில்வர், அதன் குறியீடு இசட் 2 எஸ். குறியீடு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலோ டோர் தூணிலோ இருக்கும் தகட்டில் இருக்கும்.

பாட்டில் மூடியோடு வரும் பிரஷ் தடிமன், கீறலைத் தாண்டி வழியும். பல்குச்சியின் நுனியை மழுக்கி, அதில் ஒரு சொட்டு எடுத்துக் கீறலின் ஒரு முனையில் வைத்தேன். பெயிண்ட் தானாகவே பள்ளத்துக்குள் ஓடி நிரம்புவதைப் பார்க்கலாம், நாம் இழுக்கவே வேண்டாம். தின்னர் ஆவியாகிப் போவதால் காய்ந்ததும் பெயிண்ட் உள்வாங்கும். அதனால் ஒரே தடவையில் நிரப்பாமல், மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. மெட்டாலிக் என்பதால் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், அலுமினியத் துகள் அடியில் தங்கிவிடும். மேலே க்ளியர், சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை மேடாக.

இதெல்லாம் புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன். தின்னர் ஆவியாகிக் காயும் இந்த மாதிரிப் பெயிண்ட் (லேக்கர்) ஈரக் காற்றில் காயும்போது பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். உச்சி வெயிலிலும் ஆகாது, மேலே மட்டும் சீக்கிரம் காய்ந்து உள்ளே குமிழி விடும். காலை வேளைதான் தோது.

ஒரு வாரத்துக்குமேல் இறுக விட்டு, அந்த மேட்டை மட்டும் மட்டமாக்கினேன். அழிரப்பரைச் சிறு துண்டாக வெட்டி 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு, கீறலின் போக்கிலேயே லேசாக. கண் வைக்க வேண்டியது வழிகிற தண்ணீரில். வெள்ளையாக வந்தால் க்ளியர் தேய்கிறது, சாம்பல் நிறம் கலந்தால் சில்வரைத் தொட்டாயிற்று, அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். எனக்குக் கடைசிவரை வெள்ளைதான். பிறகு 3000, காம்பவுண்ட், பாலிஷ்.

நேராக நின்று பார்த்தால் கீறல் இருந்த இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாய்வாக, சாயங்கால வெயிலில் பார்த்தால் மெல்லிய கருங்கோடு தெரியும். ஸ்ப்ரேயில் துகள்கள் ஓரளவு படுத்தவாக்கில் படியும், குச்சியால் வைத்ததில் கண்டபடி நிற்கும், அதனால் வெளிச்சம் வேறு மாதிரி திரும்புகிறது. அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை, எனக்கு அது போதும். நகம் தட்டவில்லை, துரு இல்லை, டோரின் மீதிப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சியிடம் காட்டியபோது குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல கை வைக்காத தம்பி” என்றார்.

முன் பம்பரின் மூலை இன்னும் பாக்கி. அது பிளாஸ்டிக் என்பதால் துரு பயம் இல்லை, அவசரமும் இல்லை. பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்கத் தனி ப்ரைமர் வேண்டும், வாங்கி வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்க வேண்டும்.