கை எங்கே?

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். சிறுவர் நூல்களுக்கும் பாடப் புத்தகங்களுக்கும் படம் வரைவதுதான் என் பணி. ஒரு நாள் எங்கள் ஆர்ட் டைரக்டர், அந்த வருடம் நான் வரைந்த படங்களில் பன்னிரண்டை அச்செடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இவங்களுக்கெல்லாம் கை எங்கே?"

அப்புறம்தான் பார்த்தேன். ஒரு பையன் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டிருந்தான். ஆசிரியர் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ஒரு பெண்ணின் கை பைக்குப் பின்னால் இருந்தது, இன்னொருவருடையது மேசைக்கு அடியில். பன்னிரண்டு படங்களிலும் ஒரு முழுக் கைகூட இல்லை. நான் திட்டமிட்டு மறைக்கவில்லை. கை வரைந்தால் சொதப்பும், டெட்லைன் நெருங்கும், உடனே கை தெரியாத ஒரு நிலையை யோசித்துவிடுவேன். நாளடைவில், மறைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"எனக்கு முகம் நல்லா வரும் சார், கைதான் வராது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த வாக்கியம் மட்டும் பல நாள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு வரும், கணக்கு வராது, கை வராது. மழை வருவதைப் போல, அது தானாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற மாதிரி பேசுகிறோம். முகம் எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் முகங்கள்தான். பத்து வருடம் வரைந்ததை மறந்துவிட்டு, அது தானாக வந்தது என்று நம்பியிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நான்கு வருடமாக, நாளுக்கு எட்டு மணி நேரம் வரைகிறேன். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட எட்டாயிரம் மணி நேரம். அவ்வளவும் எங்கே போனது?

பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் தேர்ச்சி என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். அதன் வேர், 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களிடம் நடந்தது. மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் சொன்ன மாணவர்கள், 20 வயதுக்குள் சராசரியாகச் சுமார் 10,000 மணி நேரம் பயிற்சி செய்திருந்தார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்கள் சுமார் 7,800. இந்த எண்கள் ஊரெல்லாம் பரவின. எதை எண்ணினார்கள் என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. கச்சேரி வாசித்த நேரத்தை அவர்கள் இதில் சேர்க்கவில்லை. மகிழ்ச்சிக்காக வாசித்ததையும் சேர்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து செய்த பயிற்சியை மட்டுமே எண்ணினார்கள்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் எட்டாயிரம் மணி நேரமும் கச்சேரி. வேலை நேரத்தில் தெரிந்ததைத்தான் செய்வோம். கிளையன்ட் காத்திருக்கும்போது, வராத ஒன்றை எடுத்து முயன்று பார்க்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது. ஆகவே வேலை அனுபவம் கூடக் கூட, தெரிந்ததில் வேகம் கூடுகிறது. தெரியாதது தெரியாததாகவே இருந்துவிடுகிறது. இதை எல்லாத் துறைக்கும் பொதுவாகச் சொல்லலாமா தெரியாது. படம் வரையும் தொழிலில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆர்ட் டைரக்டர் சொன்னபடி, காலையில் வேலை தொடங்கும் முன் இருபது நிமிடம் ஒதுக்கினேன். டேப்லெட் வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும் என்றார்; அழித்து அழித்துத் திருத்தும் வசதி இருந்தால் தவறு கண்ணில் நிற்காது என்பது அவர் கருத்து. முதலில் நினைவிலிருந்து ஒரு கை வரைய வேண்டும். பிறகு என் இடக்கையை அதே நிலையில் வைத்துப் பார்த்து, எங்கெல்லாம் தவறு என்று சிவப்புப் பென்சிலால் அதன் மேலேயே திருத்த வேண்டும். பிறகு பார்க்காமல் இன்னொரு முறை. தாளில் தேதி போட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிவப்புக் கோடுகள்தான் எனக்கு ஆசிரியர். ஒரு வாரம் ஆனதும் எல்லாத் தாளிலும் ஒரே இடங்களில் சிவப்பு விழுவது தெரிந்தது. விரல் முட்டிகளை நேர்கோட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அவை வளைகோட்டில் இருக்கின்றன. கட்டைவிரலை மற்ற நான்கோடு ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அது வேறு திசை பார்த்து அசைகிறது. புறங்கையில் விரல் நீளமாகவும் உள்ளங்கைப் பக்கம் குட்டையாகவும் தெரியும் என்பதை, இத்தனை வருடம் இரண்டு கைகளை வைத்துக்கொண்டும் நான் கவனித்ததில்லை. 27 எலும்புகள் உள்ள ஓர் உறுப்பை ஐந்து குழாய்களாக நினைத்திருக்கிறேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். என் அனுபவத்தில், கைக்கு முன்னால் கண் பழக வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம் மோசமானது. படங்கள் முன்னைவிடக் கேவலமாகத் தெரிந்தன. விட்டுவிடலாம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு போய் ஆர்ட் டைரக்டரிடம் காட்டினேன். "படம் கெடலை. கண்ணு முன்னால போயிடுச்சு, கை பின்னாலேயே வருது" என்றார். அது உண்மை என்று புரிய இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

முகம் நன்றாக வரும் ஒருவருக்கு ஏன் கை வரக்கூடாது என்று முன்பு குழம்பியிருக்கிறேன். 1980-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஒரு கல்லூரி மாணவரிடம் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தொடக்கத்தில் அவரால் 7 இலக்கம் சொல்ல முடிந்தது. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79. இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளை வாசித்ததும், மறுபடி 6 அளவுக்கு இறங்கிவிட்டார். எதைப் பழகுகிறோமோ அது மட்டும்தான் வளர்கிறது. முகத்தின் கணக்கில் போட்ட பத்து வருடத்தில் ஒரு நாளைக்கூடக் கைக்கு மாற்ற முடியவில்லை.

சரி, திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. என் அடுத்த மேசையில் ஒருவர் இருந்தார், என்னைவிட ஆறு வயது இளையவர். ஓடும் குழந்தையை நான்கு கோட்டில் பிடித்துவிடுவார். நான் எலும்புக்கூடு, எடை விழும் இடம் என்று பகுத்துப் பகுத்து அடைவதை அவர் ஒரு பார்வையில் எடுத்துவிடுவார். அவரைப் போல அசைவை வரைய என்னால் முடியாது. இன்னும் இருபது வருடம் பழகினாலும் முடியாது என்றே நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமில்லை. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஒரு கட்டுரையில், இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது. மிச்சத்தில் என்னென்னவோ இருக்கும். யார் வேண்டுமானாலும் எதுவாகவும் ஆகலாம் என்று இளையவர்களிடம் சொல்வது நேர்மையில்லை.

ஆனால் அவரோடு ஒரு நீண்ட தொடருக்குச் சேர்ந்து வேலை செய்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய மனிதர்கள் எப்போதும் வெறும் நிறத்தின் முன்னால் நிற்பார்கள். அறை, மாடிப்படி, ஜன்னல் எதுவும் இருக்காது. பாணி என்று எல்லோரும் பாராட்டினோம். உண்மையில் அவருக்கு பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டையான தாளில் தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் முறை, தெரியாது. சின்ன வயதிலிருந்து மனிதர்களை வரைந்து கைதட்டல் வாங்கியவருக்கு, கோணலான ஓர் அறையை வரைந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தாங்க முடியாததாக இருந்தது. நான் கைகளை மறைத்தேன், அவர் சுவர்களை மறைத்தார். சில மாதம் காலையில் என்னோடு உட்கார்ந்தார். பிறகு விட்டுவிட்டார். இப்போது அறைகளைக் கணினியில் முப்பரிமாணத்தில் கட்டி, அதன் மேல் வரைகிறார். அதில் தவறில்லை, வேலை நன்றாகவே வருகிறது. இருந்தாலும் அவர் கையால் வரைந்த ஒரு மாடிப்படியைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு.

வான்கா ஓவியராக முடிவெடுத்தது 1880-ல், 27 வயதில். தொடக்கத்தில் அவர் செய்தது, சார்ல்ஸ் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்ததுதான். பத்தே வருடத்தில் வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்த ஆரம்ப வருடங்களின் விறைப்பான உருவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. பிடிக்காத படத்தோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க ஒரு மனம் வேண்டும்.

இப்போது புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவோடு ஸ்கெட்ச்புக்கையும் கொண்டுவரச் சொல்வேன். போர்ட்ஃபோலியோவில் என்ன இல்லை என்று பார்ப்பேன். ஸ்கெட்ச்புக்கில் கெட்ட பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கெட்ட பக்கமே இல்லாத ஸ்கெட்ச்புக் எனக்குக் கவலை தருகிறது.

சமீபத்தில் சேர்ந்த ஒருவருடைய படங்களில் யாருக்கும் பாதம் இல்லை. புல், தண்ணீர், மேசை என்று ஏதாவது மறைத்துக்கொண்டிருக்கும். சொன்னதும் அவர் முகம் மாறியது. "எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார். அலமாரியிலிருந்து, கை வரைந்து பழகிய என் பழைய தாள்களை எடுத்துக் கொடுத்தேன். எட்டாவது தாளையும் அறுபதாவது தாளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பெருசா வித்தியாசம் தெரியலையே" என்றார். அறுபதாவது நாள் எனக்கும் தெரியவில்லை என்றேன். தாள்களைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.