341 மதிப்பெண்

மே 8, 2025, வியாழன்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். எங்கள் வகுப்பில் எல்லாரும் பாஸ். மதியம் திருபுவனத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் பட்டுத்தறி. பையன் 600க்கு 341, கணக்கில் 43.

"பாஸ்தான் சார். ஆனா இந்த மார்க்க வச்சு இவன் என்ன ஆவான்?"

"பார்க்கலாம்மா" என்றேன். 29 வருஷம் கணக்கு நடத்தியவனிடம் அவ்வளவுதான் பதில் இருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

மே 10, சனி

பரணிலிருந்து 1998ஆம் வருஷத்து மதிப்பெண் நோட்டை இறக்கினேன். அப்போது மொத்தம் 1200. பள்ளியில் முதலிடம் ஒரு பெண், 1142. கணக்கில் 200. அந்த வருஷமே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இப்போது மேலக்காவேரியில் இருக்கிறாள். பரீட்சை வந்தால் தெருப் பிள்ளைகள் கணக்கு நோட்டோடு அவள் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகிறார்கள். போன தடவை பார்த்தபோது, "மார்க் ஷீட் பீரோவுலதான் சார் இருக்கு" என்றாள்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் 612 எடுத்த பையன். "நீ உருப்படவே மாட்டேடா" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். நாச்சியார்கோவிலில் இன்று அவனுக்குச் சொந்தமாகக் குத்துவிளக்குப் பட்டறை, 14 பேர் வேலை செய்கிறார்கள். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பதும், இத்தனை அடி விளக்குக்கு இத்தனை கிலோ பித்தளை என்று பார்வையிலேயே சொல்வதும் அவனுக்குக் கைவந்த கலை. அவனுக்கு அப்பாவின் பட்டறை இருந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் "படிக்கட்டும்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இல்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

ஆசிரியர் அறையில் ஒருவர், "மார்க்கில் என்ன சார் இருக்கிறது, ராமானுஜனே ஃபெயில்தானே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் வேண்டுமென்றே கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாக, ராமானுஜன் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

1904இல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர். மற்ற பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913இல்தான். நடுவில் போன வருஷங்கள் பசியில் போனவை. மார்க் தேவையில்லை என்பதற்கா அவர் உதாரணம்? நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மாதம் 25 ரூபாய் கொடுத்த கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதிரி ஒருவர் அவருக்குக் கிடைத்தார். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மே 14, புதன்

வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மாவின் மகள், எங்கள் மாணவிதான், இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்குப் போட வந்தாள். கணக்கு 98, இயற்பியலில் பாதி 47, வேதியியலில் பாதி 48. 200க்கு 193. முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தமிழ் வழியில் படித்தவள். எங்களைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிக்கும் புதுமைப் பெண் திட்டம் வந்துவிட்டதால் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். இவளிடம் போய் "மார்க் முக்கியமில்லை" என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அப்பன் பட்டறையோ, மாமன் கம்பெனியோ இல்லாத பிள்ளைக்குக் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்த 193.

மே 18, ஞாயிறு

திருபுவனம் போனேன். பையன் தறி மேலே ஏறி, ஓட்டை போட்ட அட்டைகளால் சேலையில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். சேலையில் அன்னத்தின் கழுத்து விட்டுவிட்டு விழுகிறதாம். அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஓட்டை கிழிந்த அட்டையைக் கண்டுபிடித்து எடுத்தான். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது என்று எனக்கு விளக்கினான். இரண்டு வருஷமாக நான் கரும்பலகையில் எழுதியபோது தூங்கி வழிந்த பையன்.

"மெக்கானிக்கல் படிக்கிறியாப்பா?"

"341ல கிடைக்குமா சார்?"

பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம் என்று சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார்.

மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், மூன்றுக்கும் இரண்டு நகல். நாளை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.