கேட்டால் மட்டும் கொடுக்கும் ரீடபிள் ஸ்ட்ரீம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய்வரும் நான், அங்கே ஒரு சிறிய அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் நோட் ஜேஎஸ் தளத்துக்கு நிரல் எழுதுகிறேன். சென்ற மாதத்தின் பெரும்பகுதி ஒரே வேலையில் போயிற்று. வாடிக்கையாளர் ஒருவரின் உறுப்பினர் பட்டியலை, ஏறத்தாழ 6 லட்சம் வரிகளை, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாக, பதிவிறக்கிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். பெயர், ஊர், பங்குத்தொகை என எல்லாம் தமிழில் இருக்கும் பட்டியல் அது. சர்வருக்கு இருந்த நினைவகமோ 1 ஜிபி.

முதலில் எழுதியது எளிய நிரல். எல்லா வரிகளையும் ஓர் அரேயில், அதாவது நினைவகத்தில் நிற்கும் ஒரு வரிசையில், சேர்த்து, ஒன்றாகக் கோத்து, அனுப்பிவிடும். ஒருவர் பதிவிறக்கியபோது தாங்கிய சர்வர், மூவர் சேர்ந்து கேட்டதும் நினைவகம் தீர்ந்து விழுந்தது. ஆகவே ஸ்ட்ரீமாக, அதாவது தரவைச் சிறிது சிறிதாக அனுப்பும் ஓடையாக, மாற்றினேன். படிக்கத் தரவு தரும் ஸ்ட்ரீம்களுக்கான ரீடபிள் வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி, அதன் ரீட் செயற்கூறை வெறுமையாக விட்டுவிட்டு, தரவுத்தளத்திலிருந்து ஒவ்வொரு வரியும் வந்து விழ விழ அதைப் புஷ் செய்தேன், அதாவது ஸ்ட்ரீமுக்குள் தள்ளினேன். கோப்பு உடனே இறங்கத் தொடங்கியது. ஆனால் நினைவகம் முன்போலவே ஏறிக்கொண்டே போனது. ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒரு நிரல் ஸ்ட்ரீமாகிவிடாது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

எங்கள் குடும்பம் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு பயிரிட்ட குடும்பம். ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை, முற்றிவிட்டது என்பதற்காக நாமே வெட்டிவிட முடியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். உத்தரவுக்கு முன் வெட்டினால் கட்டுகள் வண்டியிலேயே வெயிலில் காயும். எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஆலை அரைக்கிற வேகத்துக்கு ஏற்பத்தான் வயலில் அரிவாள் விழ வேண்டும். ரீடபிள் ஸ்ட்ரீமில் நாம் எழுதித் தருகிற ரீட் என்ற செயற்கூறு அந்த வெட்டு உத்தரவேதான். ஸ்ட்ரீம் தன் பஃபரில் (தரவு தற்காலிகமாகத் தங்கும் சேமிப்பில்) இடமிருக்கும்போது அதை அழைக்கும். நாம் அப்போது தரவை எடுத்துப் புஷ் செய்ய வேண்டும். நானோ அந்தச் செயற்கூறை வெறுமையாக விட்டதன் மூலம் உத்தரவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வயல் முழுவதையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்திருந்தேன்.

புஷ் செயற்கூறு ஒவ்வொரு முறையும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று விடை சொல்கிறது. பஃபரில் சேர்ந்த அளவு ஹைவாட்டர்மார்க் என்ற வரம்பை எட்டிவிட்டால் ஃபால்ஸ் வரும். அந்த வரம்பு பைட் ஸ்ட்ரீம்களுக்கு நெடுங்காலம் 16 கேபியாக இருந்து, நோட் 22ஆம் பதிப்பில் 64 கேபியாக உயர்ந்தது. பைட்டுகளுக்குப் பதில் பொருள்களைக் கடத்தும் ஆப்ஜெக்ட் மோடில் அது பைட் கணக்கு அல்ல, எண்ணிக்கைக் கணக்கு: 16 பொருள்கள். இந்த இடத்தில் உடன் வேலை செய்யும் இளைஞர் கேட்ட கேள்வி நியாயமானது.

"அண்ணா, ஃபால்ஸ் வந்த பிறகும் புஷ் பண்ணிப் பார்த்தேன், ஒரு வரிகூடத் தொலையலையே. அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

"தொலையாது தம்பி, குவியும். ஃபால்ஸ்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல, இப்போ போதும்னு அர்த்தம். அதைக் கேட்காம தள்ளுற ஒவ்வொரு வரியும் மெமரியிலதான் நிக்கும்."

தரவுத்தளம் அதே கட்டடத்தில் இருப்பதுபோல் விரைந்து கொடுக்கிறது. பதிவிறக்குபவரோ கைப்பேசி இணைப்பில் மெல்ல மெல்ல வாங்குகிறார். இவ்விரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் எங்காவது தேங்கியாக வேண்டும். ஃபால்ஸை மதித்தால் அது தரவுத்தளத்திலேயே தங்கும். மதிக்காவிட்டால் நம் சர்வரின் நினைவகத்தில் தங்கும். 2013இல் 0.10 பதிப்போடு வந்த ஸ்ட்ரீம் அமைப்பு, கேட்டு வாங்கும் இந்த முறையைத்தான் அடிப்படையாக ஆக்கியது.

மூன்றாவது முறை எழுதியபோது, ரீட் அழைக்கப்படும் ஒவ்வொரு தடவையும் கடைசியாக அனுப்பிய உறுப்பினர் எண்ணுக்கு அடுத்த 500 வரிகளை மட்டும் தரவுத்தளத்தில் கேட்டு, அவற்றை ஒரே உரையாகக் கோத்து, ஒரே புஷ்ஷில் அனுப்பினேன். வரிகள் தீர்ந்ததும் நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) என்பதைப் புஷ் செய்தால் ஸ்ட்ரீம் முடிவுக்கு வருகிறது. ஒரே புஷ் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு புஷ் நடந்த பிறகு ஸ்ட்ரீம் மறுபடி ரீடை அழைக்கலாம். ஆகவே ஓர் அழைப்புக்குள் பல புஷ்களைச் செய்து, இடையிடையே தரவுத்தளத்துக்காகக் காத்திருந்தால், முந்தைய அழைப்பு முடிவதற்குள் அடுத்தது தொடங்கி வரிகள் முறைமாறிக் கலந்துவிடக்கூடும்.

இதற்கு நேரெதிரான ஒரு பிழையும் என் நிரலில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. விலகிய உறுப்பினர்களை வடிகட்டியதில், ஒரு தொகுதியின் 500 வரிகளும் நீங்கிவிட்டன. அனுப்ப ஒன்றுமில்லையே என்று புஷ் செய்யாமல் திரும்பிவிட்டேன். ஒரு புஷ்ஷாவது நடக்கும்வரை ஸ்ட்ரீம் அடுத்த ரீடை அழைப்பதில்லை. பதிவிறக்கம் பிழைச் செய்தி ஏதுமின்றிப் பாதியிலேயே நின்றது, நின்றபடியே இருந்தது. உத்தரவு வாங்கிய பிறகு வண்டி அனுப்பாதவருக்கு ஆலை இரண்டாவது உத்தரவு தராது. ஒரு வரியாவது கிடைக்கும்வரை, அல்லது பட்டியல் தீரும்வரை, அதே அழைப்புக்குள் தொடர்ந்து தேடுமாறு மாற்றியதும் சரியாயிற்று. தரவுத்தளத்தில் நேரும் பிழைகளையும் இவ்வாறே விழுங்கிவிடக் கூடாது. ஸ்ட்ரீமை அழித்து மூடும் டெஸ்ட்ராய் செயற்கூறிடம் அந்தப் பிழையை ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவையும் கையால் எழுதிப் புரிந்துகொண்ட பிறகு, ரீடபிள்.ஃப்ரம் என்பதற்கு மாறினேன். நோட் 12.3 முதல் இருக்கிற வசதி அது. ஒரு ஏசிங்க் ஜெனரேட்டரை, அதாவது இடையிடையே காத்திருந்து மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் செயற்கூறை, எழுதி, 500 வரிகளைக் கோத்த உரையை ஈல்ட் செய்தால் (வெளியே தந்தால்) போதும். அடுத்தது கேட்கப்படும்வரை ஜெனரேட்டர் நிரலின் அந்த வரியிலேயே நின்றுகொள்ளும். முறை கலப்பதும் இல்லை, புஷ் மறப்பதும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆயினும் வெறும் ரீடை ஒருமுறையாவது எழுதிப் பார்த்தவருக்குத்தான் ஜெனரேட்டர் ஏன் நிற்கிறது என்பது தெளிவாக விளங்கும்.

அதே பட்டியலைத் திருத்தி மறுபடி ஏற்றும் பகுதியில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. தமிழில் எழுதும் நமக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கோப்பை ஸ்ட்ரீமாகப் படித்து, வந்த ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே உரையாக மாற்றினேன். திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊர்ப்பெயர் சில வரிகளில் நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியுடன் வந்து நின்றது. அந்தப் பெயரில் நம் கணக்கில் 11 எழுத்துகள். எழுத்துக்குறிகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒவ்வொன்றும் ஒரு மெய்யும் ஒரு குறியுமாக 22 குறியெண்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட், ஆகவே 66 பைட்டுகள். கோப்பு ஸ்ட்ரீம் தருவது 64 கேபி, அதாவது 65,536 பைட் கொண்ட துண்டுகள்; அது 3ஆல் மீதியின்றி வகுபடும் எண்ணும் அல்ல. தமிழ் எழுத்துகள் மட்டுமே நிறைந்த கோப்பாக இருந்தாலும் முதல் துண்டின் கடைசியில் ஒரு பைட் தனியே தொங்கும். காற்புள்ளியும் வரிமுறிவும் ஒற்றைப் பைட்டாக இடையில் வருவதால் உண்மையான கோப்பில் வெட்டு எங்கு வேண்டுமானாலும் விழும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

செட்என்கோடிங் செயற்கூறிடம் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால், அரைகுறையாக நிற்கும் பைட்டுகளை ஸ்ட்ரீம் தன்னிடமே வைத்திருந்து, அடுத்த துண்டோடு சேர்த்துத் தருகிறது. இருந்தாலும் அது குறியெண்ணைத்தான் காக்கிறது, நம் எழுத்தை அல்ல. யகரம் ஒரு துண்டின் இறுதியிலும் அதன் ஊகாரக் குறி அடுத்த துண்டின் தொடக்கத்திலும் வரலாம். அடுத்தடுத்து ஒட்டினால் யூ என்றே ஆகிவிடும். துண்டு துண்டாக எழுத்தெண்ணினாலோ நீளம் பார்த்து வெட்டினாலோதான் தவறும். ஆகவே முழு வரி சேரும்வரை காத்திருந்து, ரீட்லைன் வழியாக வரிவரியாகவே கையாளும்படி மாற்றினேன்.

மிச்சமிருந்தது, பாதியில் விட்டுப்போகிறவரின் கதை. முதலில் ரீடபிளைப் பைப் என்ற செயற்கூறால், பதிவிறக்குபவருக்குச் சர்வர் அனுப்பும் பதிலோடு இணைத்திருந்தேன். பதிவிறக்குபவரின் இணைப்பு அறுந்தால், பைப் தரவின் மூலமான ரீடபிளை மூடுவதில்லை. ஜெனரேட்டர் ஈல்ட் வரியிலேயே நின்றுவிட, அது பிடித்திருந்த தரவுத்தள இணைப்பும் விடுபடவில்லை. சில நாள்களில் இணைப்புகள் அத்தனையும் இப்படியே சிக்கிக்கொண்டன. பைப்புக்குப் பதில் பைப்லைன் என்று மாற்றி, ஜெனரேட்டர் எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் இணைப்பை விடுவித்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதவும் செய்தேன். பைப்லைன் ஒரு முனை அறுந்தால் மறுமுனையையும் அழிக்கிறது. ரீடபிள் அழியும்போது ஜெனரேட்டரின் ஃபைனலி ஓடுகிறது.

அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில் தவளக்குப்பம் தாண்டியதும் கைப்பேசியில் பதிவிறக்கத்தைத் தொடங்கி, முள்ளோடை அருகே வேண்டுமென்றே நிறுத்தினேன். மஞ்சக்குப்பத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 2,11,500 வரிகள் அனுப்பப்பட்டு இணைப்பு விடுவிக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது.