சாப்பாட்டு நேரத்தில் பிசியோ பயிற்சி

நான் படித்தபோது பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு நான்கு வருஷம், அதன்பின் ஆறு மாத இன்டர்ன்ஷிப். தஞ்சாவூருக்கு நர்சிங் மாணவிகளோடு ஒரே பஸ்ஸில் போய்வந்தும், ஒரு நோயாளியைப் பற்றி நாங்கள் சேர்ந்து பேசியதில்லை. பல துறை மாணவர்களும் சேர்ந்து, ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே வழிகாட்டி வெளியிட்டது. எனக்கு அது இன்டர்ன்ஷிப் வார்டில்தான் வாய்த்தது.

மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா. பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்து, பேச்சு குழறி, மூக்கில் ட்யூப்போடு இருந்தார். நான் போகும் நேரத்தில் உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, அசந்து கிடப்பார். மூத்த சிஸ்டர்தான் சொன்னார்: "ஏம்மா, பதினோரு மணிக்கு மேல வா. அப்பதான் தெளிவா இருக்காங்க." கேஸ் ஷீட்டில் இல்லாத தகவல் அது.

ட்யூப் எடுத்ததும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு நிபந்தனை வைத்தார்: நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் ஊட்டலாம், இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். எனக்கு வேண்டியதும் உட்காரும் பயிற்சிதானே! இரண்டையும் சேர்த்துவிட்டோம். கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் பட உட்கார வைத்து, வலது கையைத் தலையணையில் தாங்குவேன். ஸ்பீச் தெரபிஸ்ட் கூழ் பதத்தில் ஊட்டச் சொல்லிக்கொடுப்பார். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பதால் அந்த நேரமும் எனக்குக் கிடைத்தது. தலை சுற்றினாலோ பிபி இறங்கினாலோ எப்போது நிறுத்த வேண்டும் என்று மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் இருந்ததால் தைரியமாகச் செய்ய முடிந்தது.

என் பங்குக்கு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ, விழுந்த கையைப் பிடித்து இழுத்தாலோ தோள்மூட்டு நழுவும் என்பதை சிஸ்டர்களுக்கும் மகளுக்கும் செய்து காட்டினேன். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பவர்கள் அவர்கள்தானே.

டிஸ்சார்ஜ் விஷயத்தில்தான் பேச்சு நீண்டது. டாக்டருக்குக் கட்டில் தேவை. ஆனால் கழிப்பறை கொல்லைப்புறத்தில், வாசலில் உயரமான படி என்று மகள் சொல்லியிருந்தார். படியேறிப் பழகும்வரை வைத்திருக்கக் கேட்டோம், டாக்டர் ஒப்புக்கொண்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்காக எல்லோரும் ஒரே தாளில் எழுதிக்கொடுத்தோம்.

இரண்டாம் வருஷத்திலேயே மாதம் ஒரு மதியம், பிசியோ, நர்சிங், எம்பிபிஎஸ் மாணவர்களை ஒரே நோயாளியின் கட்டிலருகே நிறுத்துங்கள். கல்லூரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்.