சுவரின் தடிமனும் பட்டையின் அகலமும்

நிலத்தடி நீர்த்தொட்டியின் வரைபடத்தில் சுவரின் தடிமனுக்கும் கம்பிகளின் இடைவெளிக்கும் ஒரு தாள் நிறைய விவரம் இருக்கும். வெவ்வேறு நாளில் போடும் கான்கிரீட்டுகள் சேரும் மூட்டில், தண்ணீர் கசியாமல் தடுக்கப் புதைக்கும் பட்டைக்கு மட்டும் 'பிவிசி வாட்டர்ஸ்டாப், 230 மி.மீ.' என்று ஒரே ஒரு வரி இருக்கும். நடுவில் குமிழ் வேண்டுமா வேண்டாமா, தடிமன் எவ்வளவு, மூலையில் எப்படித் திரும்புவது, இரண்டு துண்டுகளை எப்படி இணைப்பது என்பதெல்லாம் களத்தில் இருப்பவர் தலையில் வந்து விழும். குடிநீர்த் திட்டங்களுக்கான தொட்டிகளிலும் பம்ப் ஹவுஸ்களிலும் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக வேலை பார்த்த ஆண்டுகளில், கலவை விகிதத்தைப் பற்றிப் பேசியதைவிட இந்த ஒரு வரியைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

பட்டையை விற்க வருபவர் முதலில் எடுத்துக்காட்டுவது, எந்த வடிவம் எத்தனை மீட்டர் நீரழுத்தத்தைத் தாங்கும் என்ற அட்டவணையைத்தான். அந்த எண்கள் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்முடைய தொட்டிகளுக்கு அவை பெரிதாக எதையும் முடிவு செய்வதில்லை. 5 மீட்டர் ஆழத் தண்ணீர், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன் அழுத்தம் தருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ மட்டுமே. அணைகளின் மூட்டுகளில் வைக்கும் பிவிசி பட்டைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15058, சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 11.6 நியூட்டன் இழுவலிமையையும் 300 விழுக்காடு நீட்சியையும் கேட்கிறது. இத்தகைய பொருளை ஐந்து மீட்டர் தண்ணீர் கிழித்துவிடப் போவதில்லை. நான் பார்த்த கசிவுகளில் ஒன்றில்கூடப் பட்டை கிழிந்திருக்கவில்லை. தண்ணீர் பட்டையைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தது. ஆகவே பட்டையின் இருபுறமும் கான்கிரீட் எவ்வளவு நெருக்கமாகப் பற்றியிருக்கிறது என்பதும், தண்ணீர் சுற்றிவர வேண்டிய பாதை எவ்வளவு நீளமாகவும் தடைகள் நிறைந்ததாகவும் இருக்கிறது என்பதும்தான் உண்மையான கேள்விகள்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த மூட்டு அசையுமா என்பது. அடித்தளக் கான்கிரீட் பலகையான ராஃப்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூட்டிலும், ஒரு நாள் போட்ட சுவருக்கும் மறுவாரம் போட்ட சுவருக்கும் இடையிலுள்ள மூட்டிலும் கம்பி தொடர்ச்சியாக ஓடுகிறது. அங்கே பெரிய அசைவு இல்லை. நடுக்குமிழ் இல்லாத, இருபுறமும் வரிவரியாக விலா உள்ள தட்டைப் பட்டை அங்கே போதும். தொட்டிக்கும் பம்ப் ஹவுஸுக்கும் நடுவில் விடும் விரிவு மூட்டின் கதை வேறு. இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு எடையோடு வெவ்வேறு அளவில் இறங்கும். தொட்டி நிரம்பும்போதும் காலியாகும்போதும் அந்த வேறுபாடு மாறும். கம்பி எதுவும் மூட்டைக் கடப்பதில்லை. உள்ளே வெற்றிடமுள்ள நடுக்குமிழ் இங்கேதான் தேவை. மூட்டு விரியும்போது முதலில் குமிழின் வட்டம் நீள்வட்டமாகும்; அதற்குப் பிறகே பட்டையின் உடலில் இழுவிசை ஏறும். இதையறிந்தும் சிலர், எல்லா இடத்துக்கும் ஒரே ரோல் என்ற வசதிக்காகக் குமிழ்ப் பட்டையையே எங்கும் வாங்கிவிடுகிறார்கள். அதில் பெரிய கேடு இல்லை. குமிழின் மையம் மூட்டின் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒரு பக்கக் கான்கிரீட்டுக்குள் குமிழ் முழுவதும் புதைந்துவிட்டால், அது இருந்தும் பயனில்லை.

அகலம் பற்றிய சர்ச்சைதான் எல்லாவற்றிலும் நீண்டது. அகலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது இயல்பு. 250 மி.மீ. தடிமனுள்ள ஒரு சுவருக்கு ஆலோசகர் 300 மி.மீ. பட்டையைக் குறித்திருந்தார்; ஒப்பந்ததாரரும் ஓட்ட மீட்டருக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் மறுப்புச் சொல்லவில்லை. நான் மறுத்ததற்குக் காரணம் எளிய கணக்கு. பட்டை சுவரின் நடுவில் நின்றால் அதன் முகத்திலிருந்து சுவரின் முகம் வரை 125 மி.மீ. கான்கிரீட் இருக்கிறது. அந்தத் தூரம் பட்டையின் பாதி அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் விதி. 230 மி.மீ. பட்டையின் பாதி 115, பொருந்துகிறது. 300-இன் பாதி 150; பொருந்தவில்லை. அதைவிட முக்கியமானது கம்பி. இரண்டு முகத்திலும் கம்பிவலை, இடையில் பட்டை, 20 மி.மீ. ஜல்லி, அதற்குள் வைப்ரேட்டரின் ஊசி. பட்டை அகலமாக ஆக, இவை எல்லாவற்றுக்கும் மிஞ்சும் இடம் குறைகிறது. கான்கிரீட் இறங்க முடியாத இடத்தில் தேனடை போல ஓட்டைகள் விழும். தண்ணீருக்கு அதுவே ராஜபாட்டை.

பட்டையும் கம்பியும் இடத்துக்கு மோதினால் என்ன ஆகும் என்பதை, நான் பார்வையிடச் சென்ற வேறொரு களத்தில் கண்ணாலேயே பார்த்தேன். ராஃப்டோடு சேர்த்துக் கிக்கர் (சுவரின் தொடக்கமாக எழுப்பும் குட்டைச் சுவர்) போடாமல், செங்குத்துப் பட்டையை நேராக ராஃப்டின் மேற்கம்பி வரிசைக்குள் நுழைத்திருந்தார்கள். பட்டையின் கீழ்ப்பாதி குறுக்குக் கம்பிகளில் இடித்தது. கம்பி கட்டுபவர் என்ன செய்வார்? கம்பியை வெட்ட அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே பட்டையை வெட்டினார். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பிளவு, சீப்பின் பல்லைப் போல ஒழுங்காக. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராஃப்டின் மேல் 150 மி.மீ. உயரக் கிக்கரை ராஃப்டோடு ஒரே சமயத்தில் போட்டிருந்தால், பட்டையின் கீழ்ப்பாதி மேற்கம்பிக்கு மேலேயே நின்றிருக்கும். வெட்ட வேண்டிய தேவையே எழுந்திருக்காது. பட்டையைத் தேர்ந்தெடுப்பவர் கிக்கரின் உயரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பொருளின் தரத்துக்கு ஆய்வகச் சான்றிதழ் இருந்தாலும், ரோல் களத்துக்கு வந்ததும் அதை அவிழ்த்து ஓரிரு இடங்களில் குறுக்கே வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். புது மூலப்பொருளில் செய்த பட்டையின் வெட்டுமுகம் ஒரே நிறமாக, குமிழிகளற்று இருக்கும். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலந்ததில் பெரும்பாலும் நுண்துளைகளும் திட்டுத்திட்டான நிறமும் தெரியும்; முழுவதும் மடக்கினால் மடிப்பில் வெளிறும், சில சமயம் வெடிக்கும். தடிமனை விலாக்களுக்கு இடையில் வெர்னியர் வைத்துப் பார்க்க வேண்டும். விலாவின் மேல் வைத்து அளந்து காட்டி, 5 மி.மீ. பட்டையை 8 மி.மீ. என்று சொன்னவர்களும் உண்டு. சரியான பொருளே ஆனாலும் மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் அதன் நெகிழ்வு போய்விடும் என்பதால், சிமெண்ட் கிடங்கிலேயே ஒரு மூலையை அதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

இணைப்பு வேலையைப் பார்க்காமல் பட்டையை ஒப்புக்கொள்வதில்லை என்று பின்னாளில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இரண்டு முனைகளையும் சதுரமாக வெட்டி, பிடிப்பானில் நேராகப் பொருத்தி, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட தகட்டை நடுவில் வைத்து, இருபுறமும் சிறு உருகல் வரம்பு எழும்பியதும் தகட்டை எடுத்துவிட்டு முனைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தகட்டை அளவுக்கு மீறிச் சூடேற்றினால் மூக்கை எரிக்கும் நெடி வரும், உருகிய ஓரம் பழுப்பாகும். அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் செய்வதைத் தவிர வழியில்லை. ஆற விட்டு, கையால் முறுக்கி இழுத்துப் பார்த்தால் நல்ல இணைப்பு பிரியாது. ஒன்றின் மேல் ஒன்றை ஒரு சாண் ஏற்றி ஆணி அடிப்பதும், பசை தடவி ஒட்டுவதும் இணைப்பே அல்ல; இரண்டு பட்டைகளுக்கு இடையில் தண்ணீருக்கு ஒரு கால்வாய் வெட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

நேர்கோட்டு இணைப்பைக் களத்தில் செய்யலாம். 'எல்', 'டி', கூட்டல் வடிவச் சந்திப்புகளைக் களத்தில் செய்ய நான் அனுமதிப்பதில்லை. சுவர் மூலையிலும், செங்குத்து மூட்டு கிக்கர் மூட்டைச் சந்திக்கும் இடத்திலும் பட்டையின் விலாக்கள் ஒன்றோடொன்று சரியாகத் தொடர வேண்டும்; கத்தியும் கைத்திறனும் மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம். ஆகையால் விலையைவிட, நமது வரைபடத்தைப் பார்த்துச் சந்திப்புத் துண்டுகளை ஆலையிலேயே வார்த்துத் தருபவரா என்பதே நான் விற்பனையாளரிடம் முதலில் கேட்கும் கேள்வியாயிற்று.

ராஃப்டுக்கு அடியில், பிசிசி என்னும் கம்பியில்லாக் கான்கிரீட் படுகையின் மேல் படுக்கவைக்கும் வெளிப்புறப் பட்டையைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அதை வைப்பது எளிது. கம்பியோடு சண்டை இல்லை. கான்கிரீட் மேலிருந்து தானாகவே விலாக்களுக்குள் இறங்கும். வெளியிலிருந்து நிலத்தடி நீர் அழுத்தும் அடித்தளங்களுக்கு அது மிக நல்லது, ஏனென்றால் தண்ணீரே பட்டையைக் கான்கிரீட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. தொட்டியில் நிலைமை இரண்டு விதம்: நிரம்பியிருக்கும்போது உள்ளிருந்து அழுத்தம், சுத்தம் செய்யக் காலி செய்த மழைக்காலத்தில் வெளியிலிருந்து அழுத்தம். உள்ளிருந்து வரும் அழுத்தம் வெளிப்புறப் பட்டையைக் கான்கிரீட்டிலிருந்து பிரிக்கவே பார்க்கும். எனவே தொட்டிகளுக்கு நடுவில் நிற்கும் பட்டையையே பிடித்துக்கொண்டேன். ராஃப்டின் நடுவில் கிடைமட்டமாக அது வரும் மூட்டுகளில், அதன் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து அடியில் கான்கிரீட் நிரப்பி அதிரவிட்டு, பிறகு கீழே இறக்கி மேலே போட வேண்டும். இதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தாவிட்டால் பட்டைக்கு அடியில் காற்றுதான் இருக்கும்.

தண்ணீரில் ஊதும் பட்டைகளைப் பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்க்கும் இடத்தில் பயன்படுத்தியிருக்கிறோம். அசைவற்ற மூட்டுக்கு அவை சரி. கான்கிரீட் போடும் முன்பே மழையில் நனைந்து ஊதிவிட்டால் பிறகு பயனில்லை. டீசல் தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவருக்கு பிவிசி வேண்டாம். எண்ணெய், அதை வளையச் செய்யும் நெகிழ்விப்பானை மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும்.

தொட்டியை நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் பார்க்கும் சோதனையில், நாங்கள் 230 மி.மீ. பட்டை வைத்த தொட்டியின் ஒரு செங்குத்து மூட்டில் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஈரம் படர்ந்தது. துளையிட்டுப் பார்த்தபோது பட்டை முழுதாகவே இருந்தது. அதன் ஒரு முகத்தில் கை அகலத்துக்குக் கலவை சேராமல் ஜல்லி மட்டும் நின்றிருந்தது. அழுத்தத்தில் பாலியூரித்தேன் செலுத்தி அதை அடைத்தோம். அடுத்த தொட்டியின் அளவுப் பட்டியலில் பட்டையை ஓட்ட மீட்டரிலும், சந்திப்புத் துண்டுகளை எண்ணிக்கையிலும், கட்டுக்கம்பியால் 300 மி.மீ.க்கு ஓர் இடத்தில் கட்டிப் பிடிப்பதையும் பட்டையை இடையில் பிடிக்க இரண்டாகப் பிளந்த சென்ட்ரிங் பலகையையும் தனித்தனி உருப்படிகளாகவும் எழுதினோம்; அவற்றுக்குப் பணம் தரப்படும் என்று தெரிந்த பிறகு, அவற்றைச் செய்யச் சொல்லி ஒப்பந்ததாரரிடம் வாதாட வேண்டியிருக்கவில்லை.