அம்மாவின் சொப்பிங் பை

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

அம்மாவின் மறதிக்குக் கிளினிக் நாள். வட்டக்கச்சியிலிருந்து காலை பஸ்சில் கிளிநொச்சி போய், நம்பர் எடுத்துக் காத்திருந்து, டொக்டரைக் கண்டபோது பத்தரை. தைரொயிட், பி12 இரண்டிலும் பழுதில்லை. அவற்றால் வந்த மறதி என்றால் மருந்தால் திருத்தலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஏதாவது பழுது இருக்கவேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகூட வைத்திருந்தேன்.

மணிக்கூடு கீறச் சொன்னார். அம்மா வட்டத்தை வடிவாகக் கீறி, பன்னிரண்டு இலக்கங்களையும் வலப்பக்கத்திலேயே அடுக்கிவிட்டார்.

"இப்ப ஜனாதிபதி ஆர், அம்மா?"

"சந்திரிகா."

யோசிக்கவேயில்லை. இந்த மாதம் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னவென்று டொக்டருக்கும்தான் தெரியாது. நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். சந்திரிகா என்றால் 1996ஆக இருக்கலாம், சண்டையால் ஊரை விட்டு ஸ்கந்தபுரம் போன வருடம். தம்பிக்கு அப்போது ஐந்து வயது.

செப்டம்பர் 7, சனி

மைம்மல் நேரமானால் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. இந்த நோய் உள்ள பலருக்கும் அந்த நேரத்தில்தான் குழப்பம் கூடுமாம். இன்று ஐந்தரைக்கே சொப்பிங் பையை எடுத்துவிட்டார்.

காணிப் பெமிட், குடும்ப அட்டை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், தம்பியின் சாதாரண தரப் பெறுபேறு. எல்லாவற்றையும் தட்டி நேராக்கி உள்ளே வைத்து, வாயை மடித்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் தலைகீழாக விட்டு முடிச்சுப் போடுவார். இரண்டு வாயும் ஒரே பக்கம் வந்தால் தண்ணி உள்ளே போய்விடும். 2009இல் சண்டையின் கடைசியில் நந்திக்கடல் களப்புக்குள்ளால் இறங்கி வந்தபோது தலையில் இருந்தது இதுதான். ஒரு தாளும் நனையவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது, இந்த முடிச்சில் மட்டும் கை தடுமாறுவதில்லை.

"வெளிக்கிடு பிள்ளை, தருமபுரத்துக்குப் போயிடுவம்."

"டிராக்டருக்கு டீசல் இல்லையாம், அம்மம்மா. விடியப் போவம்" என்றாள் மகள்.

"அப்ப தேத்தண்ணியைப் போடு."

அவ்வளவுதான். சண்டை முடிந்து பதினைந்து வருடம் என்று நான் ஆறு மாதமாக விளங்கப்படுத்தி, இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். மகளுக்குப் பதினாலு வயது. சண்டையைக் கண்டதில்லை. அவளுக்கு இது சுலபமாக வருகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

நேற்றிரவு அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. சுவரோரம் ஆள் நிற்கிறது என்று சத்தம் போட்டார். கிட்ட இருந்த ஒரு தனியார் இடத்துக்குக் கொண்டு ஓடினோம். "வயசு போனால் இப்பிடித்தான்" என்று நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்கள். ஒரே நாளில் திடீரென்று மோசமானால் வேறு வருத்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என எங்கள் டொக்டர் சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. சலத்தில் கிருமி. மருந்து தொடங்கியாயிற்று. நித்திரைக் குளிசைத் துண்டைக் கிழித்துப்போட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பழையபடி ஆகிவிட்டார். பழையபடி என்றால், விசுவமடுவும் தருமபுரமும்.

போன வருடம் மைம்மலில் செட்டிகுளம் முகாமில் இருந்தார், பார்சலுக்கு லைனில் நிற்கவேண்டும் என்று. பிறகு மாத்தளன், இரணைப்பாலை, உடையார்கட்டு. சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்த வழியாலேயே திரும்பிப் போகிறார். பிந்திய நினைவுகள்தான் முதலில் போகுமாம், ஆனால் இப்படி வரிசையாகப் போகாது என்கிறார் டொக்டர். இருக்கலாம். எனக்கு வரிசையாகத்தான் தெரிகிறது.

தம்பி வலைஞர்மடத்தில் கஞ்சி வாங்கப் போனவன். அதுதான் கடைசி. முந்தியெல்லாம் அம்மா "அவன் வந்திட்டானோ?" என்று கேட்பார். இப்போது கேட்பது "அவனைக் கூப்பிடு, நேரம் போகுது" என்று. அம்மா இப்போது இருக்கும் ஊர்களில் அவன் வளவுக்குள்தான் எங்கேயோ நிற்கிறான்.

செத்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வது என்று நிறைய வாசித்தேன். ஒவ்வொருமுறையும் உண்மையைச் சொன்னால் ஒவ்வொருமுறையும் புதுச் செத்தவீடு, பேச்சை மாற்றுங்கள் என்கிறார்கள். சரி. காணாமல் போனவனைக் கேட்டால் என்ன சொல்வது? நான் வாசித்த ஒன்றிலும் இல்லை. எங்களிடம் மறைப்பதற்கு ஒரு உண்மையும் இல்லையே. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மாவும் படத்தோடு போய் இருந்தார். "வருவான்" என்று அன்றைக்குச் சொன்னது முழு நினைவோடு.

முன்வீட்டு அக்கா சொல்கிறா, "அறளை பேந்ததும் ஒருவகையில நல்லதுதான், மகனை மறந்திடுவா." பால் காய்ச்சவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

அம்மாவைக் கூட்டிப்போய் ஓட்டுப் போடவைத்தோம். ஆருக்கு என்று நான் கேட்கவில்லை. விரலில் இருந்த மையைத்தான் பின்னேரம் வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்று உலக அல்சைமர் தினமாம், ஃபோனில் பார்த்தேன்.

இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்டுவிட்டார். நிறுத்த ஓடினேன், பிந்திவிட்டது. பை வந்தது. "லைற்றை நூருங்கோ" என்றார். நூர்த்தோம். இவர், நான், மகள், அம்மா, நாலு பேரும் குசினிக்குள் நிலத்தில் இருந்தோம்.

"தம்பி எங்க?"

நான் வாய் திறக்கமுதல் மகள் சொன்னாள்: "மாமா சைக்கிளில முன்னுக்குப் போயிட்டார், அம்மம்மா. அங்க நிப்பார்."

"சாரம் கொண்டு போனவனோ?"

"ஓம், கொண்டு போனவர்."

நான் சொல்லிக்கொடுத்ததில்லை. இருட்டாக இருந்தது நல்லது.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஊரடங்கை மத்தியானம் வரை நீடித்திருக்கிறார்கள். அம்மா ஒன்பது மணி வரை படுத்தார்.

கதிரையில் இருந்த பை வழமையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒரு சாரம். நேற்றுப் பின்னேரம் தோய்த்துக் கொடியில் போட்ட இவருடைய சாரம், காயமுதலே எடுத்து மடித்து வைத்திருக்கிறார். பெறுபேற்றுத் தாளின் ஒரு மூலை நனைந்துபோயிருந்தது. மேசையில் விரித்து, பறக்காமல் உப்புப் போத்தலை மேலே வைத்திருக்கிறேன்.